கேசரி நிறத்தில் ஒரு கிணறு

"மோட்டார் ஓட்டத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

வேலை கேட்டு வருகிற யாரும் இந்தக் கேள்விக்குத் தெரியும் என்றுதான் சொல்வார்கள். தெரியாதவர் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் சொல்வார். இவர் மட்டும் என் மேசைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாகக் குழியை எட்டிப் பார்த்தார். "பாத்துட்டு வந்து சொல்லுதேன் சார்" என்றார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

போனவர் போனவர்தான். நான் இரண்டு டிப்பருக்கு எடைச்சீட்டு எழுதினேன், சாப்பிட்டேன், கை கழுவினேன், ஆளையே மறந்துவிட்டேன். பிறகு முழங்கால் வரை நனைந்த கைலியோடு வந்து நின்றார். "ஓட்டலாம் சார். ஆனா அடியில ஃபுட்வால்வுல கல்லுத்தூள் அடைச்சுக் கெடக்கு. மோட்டாரு பாதி நேரம் சும்மாதான் சுத்துது, தண்ணி ஏறல" என்றார். நான்கு மாதமாக அந்த மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த மேனேஜர் நான். அங்கேயே வேலை கொடுத்துவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கல்குவாரி. பாறையை உடைத்து, கிரஷரில் கொடுத்து, ஜல்லியாக்கி அனுப்புவோம். எல்லோர் கையிலும் பட்டன் போன் வந்து சேர்ந்த காலம் அது. திருப்பூரைச் சுற்றி நாலு பக்கமும் பனியன் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எத்தனை லோடு போனாலும் பத்தவில்லை என்று போன் வரும். நான் ஜியாலஜி படித்தவன். முப்பது வயதுகூட ஆகவில்லை. பாறையைப் பற்றி எனக்குத் தெரியாதது பாறைக்கே தெரியாது என்று ஒரு நினைப்பு.

இப்போது நினைத்தால் அந்த இடம் முழுவதும் வெள்ளையாகத்தான் ஞாபகம் வருகிறது. கிரஷர் தூசி மரத்தின் மேல், ஆட்களின் புருவத்தின் மேல், என் டிபன் பாக்ஸின் மேல் படிந்து கிடக்கும். வெயில் அந்தத் தூசிக்குள் நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும். மத்தியானத்தில் எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகிக் காதில் தேய்ந்து போகும். அந்த வெள்ளைக்குள் ஒரே ஒரு கறுப்புக் கோடு தெரியும். அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டு போன பாதை அது.

அவருடைய வேலை தண்ணீர். நூறடிக் குழியில் பாறை வெடிப்புகளிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை இறைத்தால்தான் அடியில் கல் வெட்ட முடியும். இறைத்த தண்ணீர் முதல் தொட்டியில் நின்று தூள் அடங்கும். இரண்டாவது தொட்டிக்குத் தெளிந்து வரும். அதிலிருந்து கிரஷர் வாய்க்கும் லாரி ஓடும் மண்பாதைக்கும் தெளிப்பார். மிச்சம் ஓடைக்குப் போகும். அவர் வரும்வரைக்கும் இந்த ஏற்பாடெல்லாம் காகிதத்தில்தான் இருந்தது. முதல் தொட்டியில் இடுப்பளவு சேறு இருந்ததே எனக்குத் தெரியாது.

தெற்கே விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரர். குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் ஆட்கள் அவருடைய பேச்சைக் கேலி செய்து "சொல்லுதேன்" என்றே கூப்பிட்டார்கள். "ஏனுங்க சொல்லுதேன், டீ வந்துருச்சுங்களா?" என்று கேட்பார்கள். நியாயமான மனிதன் வந்திருக்கும் அல்லது வந்திருக்காது என்று ஏதாவது ஒன்றைச் சொல்வான். இவர் "பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்று டீக்கேன் இருக்கும் ஷெட் வரைக்கும் நடந்து போய்விட்டு வருவார். "வந்திருக்கு. ஆனா ஆறிட்டு" என்பார். இதில் அவருக்குக் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. கேட்டால் பார்க்க வேண்டும், பார்த்தால் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒருநாள் அவருடைய சம்சாரம் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டது எனக்கே கேட்டது. மணி மூன்று. இவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தூக்குப்போசியைத் திறந்து பார்த்தார். "சாப்ட்டுட்டேன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. அவரும் கூடச் சிரித்தார். "இல்ல சார், சில நாளு சாப்ட்டதா நெனச்சுக்கிட்டே இருந்துருதேன்" என்றார்.

குவாரியைச் சுற்றி நான்கு தோட்டங்கள், நான்கு கிணறுகள். எங்கள் பம்பு ஓட ஆரம்பித்ததிலிருந்து கிணறுகளில் தண்ணீர் இறங்குகிறது என்று பேச்சு இருந்தது. வாரம் ஒருமுறை கிணற்று மட்டத்தை எழுதி வையுங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஆபீசர் யாராவது வந்தால் காட்ட ஒரு நோட்டு வேண்டும், என் அக்கறை அவ்வளவோடு சரி. அவர் பனியன் கம்பெனிக் கழிவில் கிடந்த எலாஸ்டிக் பட்டியை முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு நட்டைக் கட்டி, கிணறு கிணறாக விட்டு அளந்து வந்தார். அடுத்த வாரம் அதே பட்டி அதே கிணற்றில் ஆறடி வித்தியாசம் காட்டியது. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"போன வாரம் நான் சொன்னது தப்பு சார். பட்டி நீளுது."

"சரி, விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"நாலு தோட்டத்துலயும் சொல்லிட்டு வந்துட்டேன் சார், அளவு தப்புன்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் அளவுகோலே வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் அகலமாக, சதுரமாக இருக்கும். உள்சுவரில் கல்லை நீட்டி இறங்குவதற்குப் படி வைத்திருப்பார்கள். தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ண ஆரம்பித்தார். "படி நீளாதுல்லா சார்" என்றார். படி கூடக்கூடத் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். பம்பு ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பார். காலையில் நான் வந்ததும், "தோப்புக் கிணறு எட்டு, மேக்கால ஒம்பது, கெழக்கால பத்து, எருமைக்காரம்மா பதினாலு" என்று ஒப்பிப்பார். தூக்கக் கலக்கத்தில் அது யாரோ எங்கேயோ படிக்கட்டில் இறங்கிப் போகிற மாதிரிக் கேட்கும்.

அந்தப் பதினாலுதான் பிரச்சினை. குவாரி வேலியை ஒட்டிய தோட்டம் அந்த அம்மாவுடையது. வீட்டுக்காரர் இல்லை, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. நான்கு எருமைகள், கொஞ்சம் சோளத்தட்டு, அரை ஏக்கர் தீவனப்புல். காலைப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, சாயங்காலப் பாலில் வெண்ணெய் எடுத்து ஊத்துக்குளிக்குக் கொடுத்தனுப்புவார். எருமைக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. பதினாலு பதினாறாகி, பதினெட்டாகியபோது நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க மேனேஜர் தம்பி, உங்க குழியில பம்பு ஓடுனா எங்கெணத்துல படி தெரியுதுங்க. நீங்க லீவு உட்டா ரெண்டு படி முழுகுதுங்க. இது எப்படீங்க?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கம்மா. நடுவுல இருக்கறது முழுப் பாறைங்க. ஊசி நொழையாதுங்க."

"நீங்க படிச்சவிய. சொல்றீங்க. எருமைக்கு அது தெரியலீங்களே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் கிடந்த என் செருப்பின் மேல் தூசி படிந்திருந்ததைப் பார்த்து, தட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் என் பாறை அறிவு அசையவில்லை.

இந்த மனிதருக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று எனக்குத் தெரிந்தது ஒரு மத்தியானத்தில்தான். இரண்டாவது தொட்டியின் ஓரத்தில் ஒரு வேம்பு உண்டு. அதன் நிழல் தண்ணீரில் விழுந்து கிடக்கும். அங்கே உட்கார்ந்து தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூள் இன்னும் அடங்கவில்லையாம். அந்த டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். குவாரிக்கு வருவதற்கு முன்னால் மங்கலம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறார்.

"பக்கத்துத் தோட்டத்துக்காரரு ஒருநா கேட்டாவ சார். தம்பி, உங்க கம்பெனித் தண்ணி எங்க கெணத்துப் பக்கம் வருமான்னு. வராதுன்னேன். போய்ப் பாக்கவே இல்ல சார். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அவரும் நம்பிட்டாவ. ஆறு மாசத்துல அவுக தென்னை பூரா மட்டை தொங்கிட்டு. என்னய ஒரு வார்த்த கேக்கல. பாத்தா சிரிப்பாவ, அவ்வளவுதான்."

டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார். தண்ணீரில் வேம்பு கலைந்து மறுபடி கூடியது.

தீபாவளிக்கு முன்னால் அந்த அம்மா தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார். குவாரி பதில் சொல்ல வேண்டும் என்று கடிதம் வந்தது. நான் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். இரண்டு இடத்துக்கும் நடுவே உடையாத பாறை இருக்கிறது, எனவே தொடர்பு இல்லை என்று ஆணித்தரமாக எழுதினேன். அடியில் கையெழுத்தும் போட்டேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற ஆளும் ஒரு கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்றார். கூப்பிட்டேன். அவர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பாத்துட்டு வந்து சொல்லுதேன் சார்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "எதப் பாப்பீங்க? பாறைக்குள்ள பூந்தா பாப்பீங்க? நான் படிச்சுட்டு எழுதியிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட என்ன?" என்று கத்தினேன். கிரஷர் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி வார்த்தை அவருக்குக் கேட்டிருக்காது.

"பாக்க ஏதாச்சும் வழி இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே குவாரி காலியாகிவிட்டது. குடும்பம் இங்கேயே இருந்த இவரைத் தவிர, தெற்கத்தி ஆட்கள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். கிரஷர் நின்றதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அப்படி ஒரு அமைதியை நான் அதற்கப்புறம் எங்கும் கேட்டதில்லை. குழிக்குள் ஒரு மீன்கொத்தி கத்துவது ஆபீசுக்குக் கேட்டது. ஃபேன் காற்றில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. குழி நிறையத் தண்ணீர் நிற்கிற மாதிரியும், நான் அதன் அடியில் நனையாமல் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற மாதிரியும் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சிக்குள் அவருடைய குரல் வந்தது.

"சார், சாயம் போட்டுப் பாக்கட்டுமா?"

"ம்?"

"சாப்பிடுத சாயந்தான் சார். கேசரிப் பவுடரு. மூணாந்தட்டுப் பாறையில ஒரு பழைய போர் ஓட்டை சும்மா கெடக்குல்லா, அதுல கரைச்சு ஊத்துதேன். நாலு நாளு நம்ம பம்பு ஓடாது. அந்தம்மா மோட்டாரு ஓடும். பாறையில வழி இருந்தா தண்ணி அங்கன இழுக்கும், நெறம் காட்டிக் குடுத்துரும். வழி இல்லன்னா நான் கையெழுத்துப் போட்டுருதேன்."

ஒரு கண்ணைத் திறந்தேன். அவர் கையில் மஞ்சள் பையில் மூன்று டப்பாக்கள். கல்யாணச் சமையல்காரர்கள் வாங்குகிற பெரிய டப்பா. இத்தனை கேசரி யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார். ஒரு வண்ணமும் வரப் போவதில்லை என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். "போட்டுப் பாருங்க" என்றேன்.

"அந்தம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரட்டுமா சார்?"

"வேண்டாம் வேண்டாம். தெரிஞ்சா அதையும் மனுவுல சேத்தி எழுதிப்புடும். சத்தமில்லாமப் போடுங்க."

அவர் டப்பாக்களை மஞ்சள் பைக்குள் தள்ளி எடுத்துக்கொண்டார். பிறகு படியிறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த மறுநாள் காலையில் குவாரி கேட்டுக்கு முன்னால் ஐம்பது பேர் நின்றார்கள்.

இந்தப் பக்கத்தில் பிறக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறு ஊரில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினால் பாசி என்பார்கள், மண் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். சாயம் வந்துவிட்டது, இனி அந்தக் கிணறு இல்லை. எந்த ஊரில் எந்தக் கிணறு சிவப்பு, எது நீலம் என்று ஆட்கள் இறந்தவர்களைப் பற்றிப் பேசுவது போல அடங்கிய குரலில் பேசுவார்கள். பண்டிகை லீவில் ஆளில்லாத குவாரிக்குள் யாரோ சாயத்தண்ணீர் டேங்கரைத் திறந்துவிட்டார்கள் என்பதுதான் அங்கே வந்த எல்லோருடைய முடிவும். கேசரிப் பவுடர் என்ற ஒன்று அவர்களில் யாருக்காவது கனவிலாவது தோன்றியிருக்குமா? இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு, கிணற்றில் நிறம் கலப்பது என்றால் என்ன என்று நினைக்காத நான்தான் முட்டாள். சாயப்பட்டறையில் ஆறு வருஷம் இருந்த அவருக்கு அது தோன்றித்தான் அந்த அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த அம்மாவின் கிணற்றை நானும் போய்ப் பார்த்தேன். காலை வெயில் சாய்வாக உள்ளே இறங்கியிருந்தது. தண்ணீர் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் அசையாமல் கிடந்தது. அழகாக இருந்தது என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள், ஆனால் அழகாகத்தான் இருந்தது. கிணற்று மேட்டில் அந்த அம்மா வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எருமைகள் நான்கும் கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருந்தன. யார் சொல்லியும் அவற்றுக்குத் தண்ணீர் காட்ட அவருக்குக் கை வரவில்லை.

எங்கள் பம்புக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அதே கண்ணாடி டம்ளர்.

"சாயப்பட்டறைத் தண்ணி இல்ல. கேசரிப் பவுடரு. நான்தான் போட்டேன்" என்றார்.

"யாரு காதுலீங்க பூச் சுத்துறீங்க?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். இவர் பிடியை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. பக்கத்தில் இருந்த வாளியைக் காட்டினார். யாரோ இறைத்தார்கள். டம்ளரில் மொண்டு, பழக்கம் போல வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். மூன்றாவதை முடித்தபோது சட்டையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. உதட்டோரத்தில் குழந்தை மிட்டாய் தின்ற மாதிரி நிறம் ஒட்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"எங்கெணத்துல எதுக்குங்க போட்டீங்க?" என்று அந்த அம்மா கீழே உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஒங்க கெணத்துல போடலம்மா. எங்க குழியில போட்டேன். ஒங்க கெணத்துல வந்திருக்கு."

அந்த அம்மா கையை ஊன்றி மெல்ல எழுந்தார். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அவரைப் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அங்க ஊத்துனது இங்க வருதுன்னா, இங்க இருக்கறது அங்க வராதுங்களா? நடுவுல முழுப் பாறைன்னீங்களே தம்பி."

என் மேசை டிராயரில் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. "வழி இருக்குதுங்கம்மா" என்றேன். "நான் பாக்காம எழுதிட்டனுங்க."

இதுவரைக்கும் நான் நல்லவன்தான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அதற்குள் முதலாளியின் கார் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்டார். கூட்டத்துக்கு முன்னால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, ஊரான் கெணத்துல கலரு கலக்கறவரைக்கும் போயிருக்குது. அந்தம்மாவுக்கு ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடந்துதுங்களா?"

வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். அதற்கு முன்னால் அவர் பேசிவிட்டார்.

"சாருக்குத் தெரியாது. நானாத்தான் போட்டேன். அந்தம்மாட்டச் சொல்லாம விட்டதும் நான்தான்."

குழி இருந்த பக்கம் பார்த்தபடி சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி ஏழு மாதம், சம்சாரம் முழுகாமல் இருந்தாள், இந்த வேலையை விட்டால் வேறு இல்லை. இப்படி நிறையக் காரணம் வைத்திருக்கிறேன். எதுவும் அன்றைக்கு என் மனதில் இல்லை. பயம்தான் இருந்தது. நாளையிலிருந்து அவர் வர வேண்டாம் என்று முதலாளி சொன்னார். அவர் தலையாட்டினார்.

அடித்தட்டில் கல் வெட்டுவதை அன்றோடு நிறுத்தினோம். என் பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு, தொடர்பு உண்டு என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாவின் கிணறு மிஞ்சியது. ஆனால் அந்த எருமைகள் சாயத்தண்ணீர் குடித்தவை என்று பேச்சுப் பரவி, பால் சங்கத்தில் அவர் பாலை வாங்க மறுத்தார்கள். காலைப் பால் முழுவதும் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் மண்ணுக்குப் போனது. வேலை போன மனிதர் அடுத்த நாளிலிருந்து ஒரு வேலை செய்தார். விடிந்ததும் அந்தக் கிணற்றில் ஒரு தூக்குப்போசி தண்ணீர் மொண்டுகொண்டு பால் சங்கத்துக்கு நடப்பார். பால் ஊற்ற வந்தவர்கள் வரிசையில் நிற்க, அவர்கள் முன்னால் அந்தத் தண்ணீரைக் குடிப்பார். ஒன்றும் பேசாமல் திரும்பி வருவார். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் சங்கத்துக்காரர் அந்த அம்மாவின் பால் கேனை வாங்கி அளந்தார்.

அதன்பிறகு அவரைக் காணவில்லை. அருள்புரத்தில் ஏதோ கம்பெனியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், ஊருக்கே போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. பம்பு ஷெட் சுவரில் அவருடைய சாக்பீஸ் எழுத்து மட்டும் இருந்தது. கடைசி வரியில் எருமைக்காரம்மா பதினேழு என்று எழுதியிருந்தது, லீவு நாளில் ஒரு படி முழுகியிருக்கிறது.

இரண்டு வருஷத்தில் முதலாளி கிரஷரைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டு போய்விட்டார். நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் குழி மட்டும் என் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தது. எப்போதும் அதே மாதிரிதான். குழி நிறையத் தண்ணீர், வெயில் அடிவரைக்கும் இறங்கியிருக்கும், நான் கீழே நனையாமல் உட்கார்ந்திருப்பேன். மேலே விளிம்பில் யாரோ நடந்துகொண்டே படி எண்ணுவார்கள்.

சில வருஷம் கழித்து ஊத்துக்குளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன், திரும்பும்போது வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். குழி உண்மையாகவே நிறைந்திருந்தது. பச்சையும் நீலமுமாக, காற்றில்லாமல். வெள்ளைத் தூசி எங்கும் இல்லை. தொட்டியோர வேம்பு இத்தனை பச்சையா என்று இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். மோர் கொடுத்தார். கிணற்றில் எட்டிப் பார்த்தேன். ஆறு படிதான் தெரிந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனைச்சிட்டிருந்தனுங்க" என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு அவரு பவுடர் போட்டது உங்களுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரியுமுங்கம்மா. நான்தான் போடச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்லிட்டு வரட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேண்டாம்னேன்."

அவர் எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அது வாளியில் மூக்கை முக்கி, நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே தெரியுமுங்க கண்ணு" என்றார். "எதக் கேட்டாலும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்ற மனுசன். உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்றப்ப மட்டும் உங்க மூஞ்சியவே பாக்கலீங்களே."